தொண்ணூறு பல்

கடைசி மெசினுக்கு எண்ணெய் விட்டு
ஷட்டரைப் பாதி இறக்கிய நேரம்
பல் வைத்தியர் குகபாலன் வந்தார்.
துணிப்பைக்குள் துணிப்பை, அதற்குள் ஒரு தூண்டில் றீல்.
"அக்கா, இதைக் கழட்டிப் பாப்பீங்களோ?
உப்புப் போயிருக்குமோ எண்டு பயமாக் கிடக்கு.
கொழும்புக்கு அனுப்பினா மூண்டு மாதமாம்."

நான் தையல் மெசின் திருத்துபவள்.
ஸ்ரான்லி வீதியில் பதினாறு வருடம்.
பல்லுச் சக்கரம் எதற்குள் இருந்தாலும்
எனக்கு அது ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

விலை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
மூன்று லட்சத்துப் பதினையாயிரம்.
கூச்சத்தோடு அவரே கணக்கும் சொன்னார்:
ஒரு பல் பிடுங்க மூவாயிரத்து ஐந்நூறு,
ஆக, தொண்ணூறு பல்.
என் கணக்கில் இருநூற்றுப் பத்துச் சேர்விஸ்,
அதிலும் பாதிப்பேர்
அடுத்த மாதம் தாறன் என்று போகிறவர்கள்.

ஆணிகளை ஒவ்வொன்றாய்ச்
சாப்பாட்டுப் பெட்டி மூடியில் வைத்தேன்.
உள்ளே,
இரண்டு வருடக் கடலுக்கு ஒரு சாட்சியும் இல்லை.
கிறீஸ் பூசிய அன்றைய நீலம் அப்படியே.
றப்பர் வளையங்கள் வாசலில் நின்று
உப்பைத் திருப்பி அனுப்பியிருந்தன.
பூட்டிவிட்டுக் கைபிடியைச் சுற்றினேன்.
சத்தத்துக்குக் காது காத்திருந்தது.
வரவில்லை.
இருமுகிற மெசின், முனகுகிற மெசின்,
மாமியார் மாதிரி ஒரே இடத்தில் இடறுகிற மெசின்,
எல்லாம் என்னோடு பேசியிருக்கின்றன.
இது வாயே திறக்கவில்லை.
இன்னும் ஒருமுறை சுற்றினேன். பிறகும்.
கரண்ட் போனதுகூட உடனே தெரியவில்லை.

அதே தட்டில் றெக்ஸ்ரனின் றீலும் கிடந்தது.
குருநகர் ஐஸ் கொம்பனியில் பகல் வேலை,
இரவில் பண்ணைப் பாலம்.
எட்டாயிரத்து ஐந்நூறு. இரண்டு வருடத்தில் இது மூன்றாவது.
திறந்ததும் மணல், துரு,
எப்படிப் போனதோ, ஒரு மீன் செதில்.
ஒரு பேரிங் கல்லாய் இறுகிவிட்டது.
இதில் ஏறிய கொடுவாக்களில்தான்
அவன் மகளுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது.
கணக்குப் பார்த்தால்
டொக்டரின் ஒன்றுக்கு இவனுடையது முப்பத்தேழு,
இருபத்துநாலு வருடத்துக்குக் காணும்.
அதுவரை அந்த றீல் நிற்குமோ?
நிற்கும் போலத்தான் இருக்கிறது.
றெக்ஸ்ரனின் முழங்கால் நிற்குமோ தெரியாது.

அடுத்த நாள் வந்தவனிடம் நான்தான் காட்டினேன்.
இரண்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றினான்.
வைத்துவிட்டுத்
தன் விரல் பட்ட இடத்தைச் சேட்டு நுனியால் துடைத்தான்.
"இது கையில இருந்தா, அக்கா,
எனக்கு மீன் பிடிக்கப் பயம் வரும்."
அவனுடையதற்குப்
பழைய மெசினின் எண்ணெய்க் கம்பளியில் வட்டம் வெட்டிப் போட்டேன்.
நரநரப்புப் போகவில்லை. கொஞ்சம் குறைந்தது.

டொக்டர் பின்னேரம் வந்தார்.
"சொல்லுங்கோ, காசுக்குப் பெறுமதியோ?"
"உள்ளுக்கு ஒரு பொய்யும் இல்லை, டொக்டர்.
எத்தினை தரம் கொண்டு போனனீங்கள்?"
"காங்கேசன்துறைக்குப் பதினொரு தரம்."
"மீன்?"
"ஒரு பெரிய பாரை. றீல் ஒரு பிழையும் விடேல்லை.
அறுபது ரூபாக் கிளிப்தான் நிமிர்ந்து போச்சு."
நான் சிரித்திருக்கக் கூடாது.
அவர் பையை மடித்துக்கொண்டே சொன்னார்:
"விடிஞ்சா பொழுதுபட்டா ஆக்களின்ரை வாய்.
நான் தொட முதலே எல்லாரும் கண்ணை மூடுவினம்.
இது ஒண்டுதான், அக்கா, நான் தொட்டாப் பதறாதது."

அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.
திருத்த ஒன்றுமே இல்லாத வேலைக்கு
ஆயிரத்து ஐந்நூறு வாங்கினேன்.
நல்ல கிளிப்பாய், இருநூறு ரூபாவுக்கு
ஒன்று வாங்கச் சொன்னேன்.
காலையில் றெக்ஸ்ரனுக்கும் அதைத்தான் சொன்னேன்.
இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.
வாங்க மாட்டார்கள்.